கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் அந்தப் பக்கம் இருக்கும் குழந்தைக்கு நாம் தெரிந்துவிடுவோம். அப்புறம் அது பொம்மையை விட்டுவிட்டு நம்மையே வேடிக்கை பார்க்கும். அதனால் இந்த ஒடுக்கமான அறை பகல் பதினொரு மணிக்கும் இருட்டாகத்தான் கிடக்கிறது. ஒரு நீள பெஞ்ச், அதில் நான்கு மாணவிகளும் ஒரு மாணவனும். மடியில் நோட்டு. சுவரில் மாட்டிய ஸ்பீக்கர் வழியாக அடுத்த அறையின் பேச்சு வருகிறது. ஓரத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அனுமதி தந்தவர்கள் போட்ட நிபந்தனைகள் இரண்டு: பெயர் எதையும் எழுதக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது.

சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியை ஒட்டிய பேச்சு-கேள்வித் துறை இது. இங்கே படிக்கும் பட்டத்துக்குப் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. காது கேட்பதையும் பேச்சையும் மொழியையும் சோதிப்பது, பயிற்சி தருவது இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தரும் நான்கு வருடப் படிப்பு. அதில் கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்களிடம் இந்த ஐந்து எழுத்தை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது என்று பெஞ்சில் ஒருத்தி கிசுகிசுக்கிறாள். “நான் டாக்டர்னும் சொல்ல முடியல, டீச்சர்னும் சொல்ல முடியல.” பக்கத்தில் இருந்தவள் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொள்கிறாள்.

ஒவ்வொருத்தர் நோட்டுக்கு அடியிலும் இன்னொரு புத்தகம் இருக்கிறது: லாக் புக். தேதி, கேஸ், செய்த வேலை, ஆன நேரம், மேற்பார்வையாளர் கையெழுத்து. பார்த்தால் பார்த்ததற்குத் தனிக் கணக்கு, செய்தால் செய்ததற்குத் தனிக் கணக்கு. அமெரிக்காவில் இதே தொழிலுக்குச் சான்றிதழ் வாங்க 400 மணி நேரப் பயிற்சி காட்ட வேண்டும். அதில் 25 மணி நேரம் வெறுமனே உட்கார்ந்து பார்ப்பதற்கு. இந்த எண்கள் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். பெஞ்சில் பாதிப்பேர் கண் அந்தத் திசையில் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டி மேசை, இரண்டு குட்டி நாற்காலி. ஒன்றில் மூன்றாம் ஆண்டு மாணவி முழங்காலை மடக்கிச் சிரமப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரில் நான்கு வயதுப் பையன். அவன் தலையின் வலது பக்கம், காதுக்குச் சற்று மேலே பின்னால், வட்டமான காயில் ஒன்று காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காதின் மேல் செருகிய கருவியிலிருந்து அதற்கு ஒரு ஒயர். காக்ளியர் இம்ப்ளான்ட். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செலவில்லாமல் நடந்த அறுவை சிகிச்சை. அம்மாவும் பையனும் செய்யாறு பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். வருகிற பாடு பெரியது என்பதால் காலையில் ஒரு முறை பயிற்சி, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை.

அவனுக்கு வயது நான்கு. ஆனால் கேஸ் ஷீட்டில் இன்னொரு வயது இருக்கிறது: கேட்கும் வயது, ஏழு மாதம். கருவியை முதன்முதலாக ஆன் செய்த நாளிலிருந்து போடுகிற கணக்கு அது. நான்கு வயதுக் கால்களோடு மேசைக்கடியில் உதைத்துக்கொண்டிருக்கும் அவன், காதளவில் இன்னும் தவழ்கிற பிள்ளை.

முதலில் ஆறு ஒலிகள். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். டேனியல் லிங் என்ற கனடாக்காரர் வகுத்த சோதனை. தாழ்ந்து முனகும் ‘ம்’மிலிருந்து பல்லிடுக்கில் சீறும் ‘ஸ்’ வரைக்கும், பேச்சு எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கிறதோ அவ்வளவையும் இந்த ஆறும் தொட்டுவிடும். உலகத்தில் பல இடங்களிலும் இதே ஆறுதான். கருவி வேலை செய்கிறதா, ஒயர் போய்விட்டதா என்பதுகூட அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மாணவி எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய துணி மாட்டி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்கிறாள். உதட்டைப் பார்த்து அவன் கண்டுபிடித்துவிடக் கூடாது; ஆனால் கையால் மூடினால் சத்தம் மங்கிவிடும். அதற்குத்தான் துணி. அவன் கட்டையைக் கன்னத்தில் வைத்துக் காத்திருக்கிறான். ‘ஆ’ — கட்டை டப்பாவுக்குள் விழுகிறது. ‘ஊ’ — விழுகிறது. ‘ஸ்’ — அவன் அசையவில்லை. மறுபடி ‘ஸ்’. ஸ்பீக்கரில் எங்களுக்கே லேசாகத்தான் கேட்கிறது. கட்டை கன்னத்திலேயே இருக்கிறது.

பிறகு மாடு, ஆடு, நாய். பிளாஸ்டிக் பொம்மைகள். மாணவி கெட்டிக்காரி, உற்சாகி. “இது என்ன? மாடு! மாடு என்ன சொல்லும்? ம்ம்மா! நீ சொல்லு. இது யாரு? எங்க போகுது? புல்லு சாப்பிடுதா? சொல்லு கண்ணா, சொல்லு!” பையன் அவள் கையில் இருக்கும் மாட்டைப் பார்க்கிறான், அவள் முகத்தைப் பார்க்கிறான், பிறகு மின்விசிறியைப் பார்க்கிறான். தலை சாய்ந்ததில் காயில் கழன்று தொங்குகிறது. சுவரோரம் இருக்கும் அம்மா எழுந்து வந்து, பார்வையைக்கூடத் திருப்பாமல் ஒரு விரலால் அதைப் பழைய இடத்தில் ஒட்டிவிட்டுப் போய் உட்கார்கிறார். முக்கால் மணி நேரத்துக்குள் இது பல தடவை நடக்கிறது. ஒரு தடவைகூடக் கை இடம் தவறவில்லை.

எங்கள் அறையின் கதவு ஓசையில்லாமல் திறந்து மேற்பார்வையாளர் வந்து நிற்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், மைசூரில் படித்தவர். 1965இல் மத்திய அரசு அங்கே தொடங்கிய பேச்சு-கேள்வி நிறுவனம்தான் இந்தத் துறைக்கே தாய்வீடு. அந்தக் காலத்தில் இதைப் படிக்க ஆசைப்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைசூருக்குத்தான் ரயிலேறினார்கள். மேடம் கண்ணாடி வழியே பார்க்கிறார். கையில் இருக்கும் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார். ஐந்து ஐந்தாகக் கட்டுகிறார்.

பயிற்சி முடிந்ததும் மாணவி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். மேடம் காகிதத்தை நீட்டுகிறார்.

“இதெல்லாம் நீ கேட்ட கேள்வி. அவன் பதில் சொல்றதுக்கு நீ விட்ட நேரத்தை எண்ணலாம்னு பாத்தேன். எண்ண ஒண்ணும் கிடைக்கல.”

“அவன் பேசவே மாட்டேங்கறான் மேம்.”

“நீ எங்க விட்ட?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் நோட்டுக்குள் குனிந்துகொள்கிறார்கள். எல்லோருக்கும் இது நடந்திருக்கிறது அல்லது நடக்கப்போகிறது.

அடுத்த கேஸ் வேறொருத்திக்கு. ஆறு வயதுச் சிறுமி. காது நன்றாகக் கேட்கிறது, ஒலிகள்தான் சில தவறுகின்றன. கூட வந்திருப்பது ஆயா, வியாசர்பாடி. மாணவி படம் காட்டுகிறாள். வாழைப்பழம். குழந்தை, “வாயப்பயம்.” மாணவி மதுரைக்காரி. திருத்துகிறாள்: “வாளப்பளம்.” குழந்தை மறுபடி “வாயப்பயம்.” மூன்றாவது தடவைக்கு ஆயாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, எங்க வூட்ல எல்லாரும் அப்டித்தான் சொல்லுவோம். நானும் அப்டித்தான் சொல்றேன். எனக்கும் வைத்தியம் பாப்பியா?”

இருட்டறை குலுங்குகிறது. மேடம் சிரிக்கவில்லை, ஆனால் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொள்கிறார். எழுதவேண்டிய விஷயம்தான். வியாசர்பாடியின் ‘ய’வும் மதுரையின் ‘ள’வும் ஊர் வழக்கு, கோளாறு அல்ல. அந்தக் குழந்தைக்கு நிஜமாகவே தவறுவது ‘க’. காக்காவைத் ‘தாத்தா’ என்கிறாள். அதைப் பிடிக்காமல் பழத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வடசென்னையை நோயாளியாக்க வேண்டியிருக்கும். எது நோய் இல்லை என்று தெரிந்துகொள்வதற்குத்தான் நான்கு வருடம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நோயைச் சொல்லிவிட ஒரு செல்போன் போதும்.

நடைபாதைக்கு வருகிறேன். சுவர் முழுக்கச் சட்டமிட்ட சான்றிதழ்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே ஒரு பதிவு எண்: இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் ஏறிய எண். பட்டம் மட்டும் போதாது. இந்த எண் இல்லாமல் தொழில் செய்யக் கூடாது. 1992ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றைக்கு ஆயிரம் ரூபாய் என்பது பயமுறுத்துகிற தொகையாக இருந்திருக்கலாம். இன்றைக்கு, பல இடங்களில் பிள்ளையைப் பேச வைப்பதாகச் சொல்லிப் பலகை மாட்டியிருப்பவர்கள் ஒருமுறை தெரபிக்கு வாங்கும் காசே அதற்கு அருகில் வந்துவிடும்.

அதே பதிவேட்டில்தான் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர்களும் வருகிறார்கள். அவர்கள் வழி வேறு: பிளஸ் டூ முடித்துவிட்டுச் சிறப்புக் கல்வியில் இரண்டு வருட டிப்ளமோ, அல்லது சிறப்பு பி.எட். முட்டுக்காட்டில் 2005இல் வந்த மத்திய அரசு நிறுவனத்தில் இரு பக்கத்துப் படிப்பும் உண்டு. ஒரே குழந்தையின் வாய்க்கு ஒருவர், புத்தகத்துக்கு ஒருவர். இருவரும் சந்தித்துப் பேசிக்கொள்ளும் ஊர்களில் குழந்தை பிழைத்தது.

சத்தம் புகாத அறைக்கு வெளியே ஒரு தாத்தா, ஹெட்போனைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். உள்ளே ஏதோ பாட்டு வருவதாகச் சொல்கிறார். இன்டர்ன் பையன் அவருடைய ஆடியோகிராமில் வலது காதுக்குச் சிவப்பு வட்டமும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறியும் போட்டுக்கொண்டே, “இல்ல தாத்தா, டெஸ்ட் முடிஞ்சுது, அது உங்க காதுக்குள்ளயே வர்ற சத்தம்” என்கிறான். தாத்தா நம்பவில்லை.

அடுத்த அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சு போன ஒருவர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இன்டர்ன் தண்ணீர் டம்ளரைக் காட்டுகிறாள். அவர் உதடு திரள்கிறது, கண் கலங்குகிறது, சொல் வரவில்லை. அவள் டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு, “சைதாப்பேட்டை” என்று ஆரம்பித்து நிறுத்துகிறாள். அவ்வளவுதான். “நந்தனம், தேனாம்பேட்டை, டி.எம்.எஸ்…” விசில் ஊதாத குறையாக அண்ணா சாலை முழுக்க ஓடி முடிகிறது. அவர் மனைவி வாய்விட்டுச் சிரிக்கிறார். இன்டர்ன் உடனே கேட்கிறாள்: “உங்க வீடு எங்க சார் இருக்கு?” அவர் வாயைத் திறக்கிறார். வீடு இருப்பது சைதாப்பேட்டையில். வரவில்லை. பழக்கத்தில் ஓடுகிற பேச்சு வேறு, எடுத்துச் சொல்ல வேண்டிய பேச்சு வேறு. மூளையில் இரண்டும் ஒரே தடத்தில் ஓடுவதில்லை. புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. அவர் முகத்தில் இருப்பது அந்தப் பக்கத்தில் இல்லை.

ரிசப்ஷனில் ஒரு குழப்பம். நடுவயதுக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டை, தோளில் பை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகக் காது பரிசோதனை. இரண்டு காதிலும் 70 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்தால் சட்டப்படி காது கேளாதவர். அவர் பிறவியிலேயே கேளாதவர். ஏதோ ஒரு பள்ளியில் சைகை மொழி சொல்லிக்கொடுக்கிறாராம். பையிலிருந்து எடுத்த துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டுகிறார். ரிசப்ஷன் அம்மா பதிலுக்கு எழுதலாம். எழுதவில்லை. குரலை உயர்த்துகிறார். இன்னும் உயர்த்துகிறார். “நாளைக்கி… காலைல… வாங்க!” பேச்சு-கேள்வித் துறையில், அத்தனை சான்றிதழுக்கும் கீழே, காது கேளாதவரிடம் கத்துகிறார்கள். அவருக்குக் கோபமில்லை. பழகியவர் முகம்.

செய்யாறுப் பையனும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனிதர் பையனைப் பார்க்கிறார். காயிலைப் பார்க்கிறார். குனிந்து, விரலால் அவன் சட்டையில் அச்சடித்திருக்கும் யானையைத் தொட்டுவிட்டு, கையை மூக்கிலிருந்து நீட்டி வளைத்துத் தும்பிக்கையாக ஆட்டுகிறார். பையன் உறைந்துபோகிறான். பிறகு அவனும் கையை மூக்கில் வைத்து ஆட்டுகிறான். அவர் காதுகளை விரிக்கிறார், அவனும் விரிக்கிறான். அவர் யானையைத் தண்ணீர் குடிக்க வைக்கிறார், தண்ணீரை அவன் மேலேயே பீய்ச்சுகிறார். பையன் ‘ஹே’ என்று கத்திச் சிரிக்கிறான். காலை முழுக்க நாங்கள் ஸ்பீக்கரில் கேட்காத குரல்.

அம்மா பையனின் கையைப் பிடித்துக் கீழே இறக்குகிறார். முரட்டுத்தனமாக இல்லை, அவசரமாக. “கைய காட்டினா வாய் வராதுன்னு சொல்லியிருக்காங்க” என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்கிறார்.

சொன்னவர்கள் யாராகவும் இருக்கலாம். 1880இல் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்விக்காரர்கள் கூடி, வகுப்பில் சைகை வேண்டாம், பேச்சுதான் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 2010இல் அதே வரிசையில் வந்த மாநாடு வான்கூவரில் கூடி, அந்தத் தீர்மானம் செய்த கெடுதலுக்கு வருத்தம் தெரிவித்தது. டெல்லியில் 2015இல் சைகை மொழிக்கென்றே மத்திய அரசு நிறுவனம் வந்தது. 2021இல் அதன் அகராதி பத்தாயிரம் சொல்லைத் தொட்டது. சைகை மொழி ஆசிரியர் டிப்ளமோ காது கேளாதவர்களுக்கென்றே நடக்கிறது. இந்த நடைபாதைக்கு 1880 வந்து சேர்ந்திருக்கிறது. 2010 இன்னும் வழியில் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. மகன் ஒருநாள் ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டும் என்பதற்காக அவன் மண்டையைத் திறக்கச் சம்மதித்தவர். இப்போது எதையும் பணயம் வைக்கத் துணியமாட்டார். அந்த மனிதரும் அதைப் புரிந்துகொண்டவர் போலக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்குகிறார்.

பிற்பகல். மறுபடி இருட்டறை. இந்த முறை மூன்றாம் ஆண்டு மாணவி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள். மேடம் அவளை உள்ளே விடவில்லை. அம்மாவிடம், “வீட்ல என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்கம்மா. நாங்க வெளிய இருக்கோம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

“நான் என்ன மேடம் பண்றது?” என்று அம்மா கேட்டது ஸ்பீக்கரில் வருகிறது. பதில் போகவில்லை.

கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருக்கிறார்கள். பிறகு அம்மா மஞ்சள் பையைத் துழாவி ஒரு பிளாஸ்டிக் கவரை எடுக்கிறார். வறுத்த வேர்க்கடலை, தோலோடு. அந்தப் பக்கத்து மண்ணில் விளைவது. குட்டி நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்கிறார். பையனும் உட்கார்கிறான். அவர் ஒரு கடலையை எடுத்துக் குலுக்குகிறார். பையன் கையை நீட்டி வாங்கி, அதைக் காதோரம் கொண்டுபோய்க் குலுக்குகிறான். துளைக்குப் பக்கத்தில் அல்ல. காதுக்கு மேலே, கருவியின் மைக் இருக்கிற இடத்தில். யாரும் சொல்லித் தந்திருக்க வாய்ப்பில்லை. மேடம் மாணவியின் முழங்கையைத் தட்டுகிறார்: பாரு.

“இருக்கா?” என்கிறார் அம்மா. உடைக்கிறார். இரண்டு பருப்பு. அவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அடுத்தது. குலுக்கு. “இருக்கா?” உடை. இருக்கிறது. தின்கிறார்கள். அம்மாவுக்குப் பேச்சு குறைவு, காலையிலிருந்தே கவனித்தேன். ‘இருக்கா’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லிவிட்டு உடைப்பதற்கு முன்னால், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். பயிற்சிப் புத்தகங்கள் இந்த இடைவெளியை எத்தனையோ விதமாக வலியுறுத்துகின்றன. சென்னையிலேயே பால வித்யாலயா என்ற காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி 1969இலிருந்து வகுப்புக்குள் தாயையும் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறது. வாரத்தில் சில மணி நேரம் வந்துபோகும் படித்தவரைவிட நாள் முழுக்கக் கூட இருப்பவர்தான் பிள்ளைக்குப் பேச்சைத் தரப்போகிறார் என்பது அங்கே பழைய பாடம்.

ஒரு கடலை குலுங்கவில்லை. பையன் மறுபடி குலுக்குகிறான். கருவிக்குப் பக்கத்தில், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அம்மாவிடம் நீட்டுகிறான்.

“இருக்கா?”

அவர் காத்திருக்கிறார். இந்தப் பக்கம் மாணவி வாயைத் திறக்கிறாள். அவளால் பொறுக்க முடியவில்லை. மேடம் விரலைத் தன் உதட்டில் வைக்கிறார்.

“இய்ய” என்கிறான் பையன்.

அம்மா உடைக்கிறார். வெறும் தோல். “இல்ல!” என்று கையை விரிக்கிறார். கையை விரித்தது தனக்கே தெரியாது போலிருக்கிறது. சைகை என்று யாரும் சொல்லவில்லை. பையனும் இரண்டு கையையும் விரித்து, “இய்ய! இய்ய!” என்கிறான். அவனுக்கு அது பெரிய வேடிக்கையாகப்படுகிறது. பருப்பு இருக்கிற கடலையையும் தூக்கிக் காட்டி “இய்ய” என்று ஏமாற்றப் பார்க்கிறான். கேட்கும் வயது ஏழு மாதத்தில் பொய் சொல்லத் தொடங்கிவிட்டான்.

முக்கால் மணி நேரம் ஆனதும் மேடம் கதவைத் திறந்து உள்ளே போகிறார். அம்மா பதறி எழுந்து, “தரையெல்லாம் குப்பையாக்கிட்டேன் மேடம்” என்று தோலை அள்ளத் தொடங்குகிறார். மேடமும் குனிந்து அள்ளுகிறார். வீட்டுக்குப் போய்ச் செய்யவேண்டியது என்று எதுவும் எழுதித் தரவில்லை. “இதையே பண்ணுங்க, கடலை தீந்தா பட்டாணி” என்கிறார். பிறகு, “‘ஸ்’ அவனுக்கு எட்டல. கருவிய மறுபடி சரிபண்ண, மேப்பிங் பாக்கச் சொல்லி எழுதியிருக்கேன். போறப்ப வாங்கிட்டுப் போங்க.”

மாணவி லாக் புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். ‘செய்த வேலை’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

“நான் ஒண்ணுமே பண்ணலையே மேம். இதைப் பார்த்ததுல போடறதா, செஞ்சதுல போடறதா?”

மேடம் பேனாவை வாங்கி, கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார்.

“செஞ்சதுல போடு. காலைல போட்டிருக்க பாரு, அதைப் பார்த்ததுக்கு மாத்து” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, “வெளிய திக்குவாய்ப் பையன் ரொம்ப நேரமா உக்காந்திருக்கான், வரச் சொல்லு” என்கிறார்.